காகிதக் கைவேலையில் கணக்கும் பொறியியலும்: எங்கே தொடங்குவது?

"மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. காகிதத்தை வெட்டி ஒட்டுவது என்றால் இரண்டு பேருக்கும் சாப்பாடுகூட வேண்டாம். கணக்கு நோட்டை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. இந்தக் கைவேலையை வைத்தே கணக்கும் கொஞ்சம் இன்ஜினியரிங்கும் சொல்லித் தர முடியுமா? கிட் ஏதாவது வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். கிட் வேண்டாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகாக ஒரு பொருள் செய்து அலமாரியில் வைப்பதால் கணக்கு வந்துவிடாது. செய்வதற்கு முன்னால் பிள்ளை ஒரு எண்ணை ஊகித்துச் சொல்ல வேண்டும். செய்தபின் அளக்க வேண்டும். முடிந்தால் அதை உடைத்தும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது கைவேலை வகுப்புதான். அதிலும் தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிவில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் பல வருடம் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' நடத்தியவன் நான். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பகுதி நூலகத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து காகிதம் மடிக்கிறேன். முதல் வாரம் ஒரு ரயில் பாலத்தின் மாதிரியை அச்சடித்து எடுத்துப் போனேன். கோடு போட்ட இடத்தில் வெட்டி, எண் போட்ட இடத்தில் ஒட்ட வேண்டியதுதான். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பாலங்கள் தயார். ஒன்றைக் கையில் எடுத்து, "இந்தக் குறுக்குச் சட்டமெல்லாம் எதுக்கு?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பையன், "டிசைனுக்கு சார்" என்றான். அன்றைக்கு நான் சொல்லித் தந்தது கத்தரிக்கோல் பிடிப்பது மட்டும்தான் என்று புரிந்தது. அச்சடித்த மாதிரிகளை அதோடு நிறுத்திவிட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? காகிதத்திலிருந்தே தொடங்குங்கள். வீட்டில் இருக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். இந்த 297 எங்கிருந்து வந்தது என்று மகளிடம் கேளுங்கள். 300 என்று வைத்திருக்கலாமே, ஏன் வைக்கவில்லை?

இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் மூலையைப் பிடித்து, குறுகிய பக்கம் நீளமான பக்கத்தின்மேல் சரியாகப் படியும்படி சாய்வாக மடியுங்கள். சதுரம் எடுப்பதற்கு நாம் எல்லோரும் செய்வதுதான். இப்போது அந்தச் சாய்வு மடிப்பை இன்னொரு தாளின் நீளமான விளிம்போடு சேர்த்துவைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். ஸ்கேலே தேவையில்லை. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல √2 மடங்கு என்று பித்தாகரஸ் தேற்றத்தில் படித்திருப்பாள். 210-ஐ √2-ஆல் பெருக்கினால் 296.98. அதுதான் 297.

அப்புறம் தாளைப் பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். ஏ5 கிடைக்கும். அளவு பாதியானாலும் உருவம் அப்படியேதான் இருக்கிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. பழைய ஃபுல்ஸ்கேப் தாள் கிடைத்தால் அதையும் பாதியாக மடித்துப் பாருங்கள், உருவம் மாறிப்போகும். பாதியாக மடித்தும் உருவம் மாறாமல் இருக்க வேண்டுமானால் விகிதம் என்னவாக இருக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய சமன்பாடுதான். அகலம் 1, நீளம் x என்று வைத்தால், மடித்தபின் நீளம் 1, அகலம் x-இல் பாதி. இரண்டு விகிதங்களும் சமமானால் x-இன் வர்க்கம் 2. இதை லிஷ்டன்பர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். ஜெர்மனி அதைத் தரமாக அறிவித்தது 1922-இல். √2 என்ற விகிதமுறா எண் பாடப் புத்தகத்தில் மட்டும் வாழ்கிறது என்று நினைக்கும் பிள்ளைக்கு, ஜெராக்ஸ் கடையில் அடுக்கிவைத்திருக்கும் ஒவ்வொரு தாளிலும் அது இருக்கிறது என்று தெரிவது ஒரு சின்ன அதிர்ச்சிதான்.

அதோடு இன்னொரு கணக்கு. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். நாலு முறை பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. தாள் கட்டின் உறையில் '80 ஜி.எஸ்.எம்.' என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று அர்த்தம். அப்படியானால் ஒரு ஏ4 தாள் சரியாக 5 கிராம். தராசு வேண்டாம். இந்த 5 கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு வேண்டும்.

அடுத்தது பாலம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். மேலே ஒரு ஏ4 தாளைப் போடுங்கள். தன் எடையிலேயே தொங்கும். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை நடுவில் வைத்தால் தாளும் நாணயமும் சேர்ந்து உள்ளே போகும். இப்போது அதே தாளை நீளவாக்கில் ஒரு செ.மீ. இடைவெளியில் விசிறி மாதிரி மடித்துவிட்டு வையுங்கள். எத்தனை நாணயம் தாங்கும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் முதல் தடவை பெரும்பாலும் 'மூணு', 'நாலு' என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் அறையில் சத்தம் அடங்கிவிடும். பதினைந்துக்குமேல் வைக்கிறவரின் விரல் நடுங்கும். சின்னப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

காகிதம் அதேதான், எடை அதே 5 கிராம்தான். எங்கிருந்து வந்தது இந்தப் பலம்? ஒரு பொருள் வளைய மறுப்பது அதன் உயரத்தைப் பொறுத்தது. தட்டையாகக் கிடக்கும்போது தாளின் உயரம் அதன் கனம்தான், சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு செ.மீ. மடிப்புகள் சாய்ந்து நிற்கும்போது உயரம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். உயரம் 70 மடங்கு ஆகிவிட்டது. அதே அளவு காகிதத்தை உயரமாக நிறுத்தினால் விறைப்பு அந்த மடங்கின் வர்க்கமாகக் கூடும். 70-இன் வர்க்கம் 4,900. கல்லூரியில் 'மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா' என்று பயமுறுத்துவார்களே, அதன் சாரம் இவ்வளவுதான். மகனுக்கு இந்த வர்க்கம் வேண்டாம், ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பார்க்கட்டும், அப்புறம் செங்குத்தாக நிறுத்தி வளைத்துப் பார்க்கட்டும். அவனுக்கு அது போதும். மாட்டுக்கொட்டகைத் தகரம் ஏன் நெளிநெளியாக இருக்கிறது என்று மறுநாள் அவனே வந்து சொல்வான்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி வரும், வர வேண்டும். விறைப்பு 4,900 மடங்கு கூடியது என்றால் பாலம் அத்தனை மடங்கு நாணயத்தைத் தாங்கவில்லையே, ஏன்? எங்கள் வகுப்பில் ஒரு பெண் இதைத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "உடையும்போது கண்ணைக் கீழே வைத்துப் பார்" என்றேன். மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தவள் சொன்னாள்: "சார், இது ஒடியவே இல்லை. மடிப்பு பக்கவாட்டில விரிஞ்சு தட்டையாகுது, அப்புறம்தான் விழுது." அதேதான். காகிதம் தோற்கவில்லை, உயரம் போய்விட்டது. விரியாமல் பிடிக்க என்ன செய்யலாம்? அவளே இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு பட்டையை ஒட்டினாள், தாங்கும் எடை கூடியது. பிறகு மேலும் கீழும் முழுத் தாளை ஒட்டினாள். அது என்னவென்று கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த மளிகைக்கடை அட்டைப்பெட்டியின் விளிம்பைக் கிழித்துக் காட்டினேன். நடுவில் நெளி, இரண்டு பக்கமும் தட்டைத் தாள். அட்டைப்பெட்டியை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்ப்பதுதான் பொறியாளரின் பாதி வேலை. அதனால் பாலம் விழுந்ததும் நாணயத்தைப் பொறுக்க விடாதீர்கள். விழுந்த தாளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கசங்கிய கோடு மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா? பெரும்பாலும் மேலே இருக்கும். வளையும் பாலத்தின் மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. காகிதம் இழுத்தால் நன்றாகத் தாங்கும், அமுக்கினால் நெளிந்துவிடும். கான்கிரீட் இதற்கு நேர்மாறு, அதனால்தான் உத்தரத்தில் கம்பியைக் கீழ்ப்பக்கம் போடுகிறார்கள். பக்கத்தில் எங்காவது சென்ட்ரிங் வேலை நடந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுங்கள். ஒரு ரூபாய் நாணயம், 2011-இல் வந்த சின்னது, நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 5 கிராம் பாலம் இருபத்தைந்து நாணயம் தாங்கினால் தன் எடையைப்போலச் சுமார் 19 மடங்கு. இரண்டு தாள் போட்டு நாற்பது நாணயம் தாங்கவைத்தவர் உண்மையில் தோற்றவர். வகுத்தல் எதற்கு என்று கேட்கும் மகனுக்கு இங்கே பதில் கிடைக்கும்.

தூண்களும் இதே மாதிரிதான். ஒரே அளவுத் தாள்களில் முக்கோணம், சதுரம், வட்டம் என்று மூன்று தூண்கள் சுருட்டி, மேலே அட்டை வைத்துப் புத்தகம் அடுக்கினால் பெரும்பாலும் வட்டம்தான் ஜெயிக்கும். தட்டையான முகம் சீக்கிரம் நெளியும், வளைந்த முகம் நெளிய மறுக்கும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் இந்தக் காகிதக் குழாயை வைத்தே வீடு கட்டியவர். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே கட்டினார், 2001-இல் குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு பூஜ்ஜிலும் கட்டினார்.

தூண் பற்றி ஒரு எச்சரிக்கை. நீளம் பாதியானால் பலம் நாலு மடங்கு என்ற ஆய்லரின் விதியைக் குட்டைக் காகிதக் குழாயில் காட்டப் பார்க்காதீர்கள், அங்கே விளிம்பு கசங்கித்தான் உடையும், விதி பொய் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அதற்கு ஈர்க்குச்சிதான் சரி. தடித்த பக்கமாக 20 செ.மீ. வெட்டி, சமையலறை டிஜிட்டல் தராசின்மேல் செங்குத்தாக நிறுத்தி, விரலால் மெல்ல அழுத்துங்கள். வில்லாக வளையும் நேரத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே 10 செ.மீ. ஆக்கி மறுபடி அழுத்தினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு காட்டும்.

இனி சுத்தமான கணக்குக்கு வருவோம். மகளுக்கு அளவியல் பாடம் வரும்போது இதைச் செய்யுங்கள். இரண்டு ஏ4 தாள். ஒன்றை உயரமான குழாயாக, மற்றதைக் குட்டையான குண்டுக் குழாயாகச் சுருட்டி, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் செலோடேப் ஒட்டுங்கள். எதில் அதிகம் பிடிக்கும்? பெரும்பாலானவர்கள் "இரண்டும் ஒண்ணுதான், அதே தாள்தானே" என்பார்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான். ஒரு தட்டில் குண்டுக் குழாயை நிறுத்தி, அதற்குள் உயரக் குழாயை நிறுத்துங்கள். உயரக் குழாயை விளிம்புவரை பொரியால் நிரப்புங்கள். இப்போது உயரக் குழாயை மெதுவாக மேலே உருவுங்கள். பொரி சரிந்து குண்டுக் குழாய்க்குள் பரவும், ஆனால் நிரம்பாது. 21 செ.மீ. உயரத்தில் 15 செ.மீ. பக்கம் நின்றுவிடும்.

கணக்குப் போட்டால் உயரமானது 1,042 கன செ.மீ., குண்டானது 1,474 கன செ.மீ. இந்த இரண்டையும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 1.414. மறுபடியும் அதே √2! பொரி நின்ற உயரமும் சும்மா இல்லை. குண்டுக் குழாயின் ஆரம் √2 மடங்கு, ஆகவே அடிப்பரப்பு 2 மடங்கு, ஆகவே அதே பொரி பாதி உயரம்தான் நிற்கும். 29.7-இல் பாதி 14.85. பரப்பு ஒன்றாக இருந்தாலும் கன அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இனி யாரும் அவளுக்கு எழுதிப்போட வேண்டாம். பொரியை அப்புறம் தின்றுவிடலாம்.

மூடியில்லாத பெட்டியும் நல்ல பயிற்சி. ஏ4 தாளின் நாலு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி எடுத்து, பக்கங்களை நிமிர்த்தினால் பெட்டி. எவ்வளவு வெட்டினால் அதிகம் பிடிக்கும்? 2 செ.மீ. வெட்டினால் 874 கன செ.மீ., 3-க்கு 1,067, 4-க்கு 1,128, 5-க்கு 1,084, 6-க்கு 956. ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. இதை வரைபடத் தாளில் குறித்தால் மேடு கண்ணுக்குத் தெரியும். பிளஸ் டூவில் நுண்கணிதம் போட்டு இந்த உச்சியைக் கண்டுபிடித்தால் 4.04 செ.மீ. வரும். எட்டாம் வகுப்பில் அதன் பெயர்கூடத் தெரியாமல் கையால் 4-க்கு வந்து சேர்ந்தவளுக்கு, நாலு வருடம் கழித்து அந்தப் பாடம் பழைய சிநேகிதன் மாதிரி இருக்கும்.

கூம்புக்குச் சுண்டல் பொட்டலம் இருக்கவே இருக்கிறது. ஒரு அரைவட்டத்தைச் சுருட்டினால் கூம்பு. அதைப் பிரித்தால் மறுபடி வட்டத்தின் ஒரு துண்டு. அந்தத் துண்டின் பரப்பு, வில்லின் நீளத்தில் பாதியை ஆரத்தால் பெருக்கினால் வரும். வில்தான் கூம்பின் அடிச்சுற்றளவு, துண்டின் ஆரம்தான் சாயுயரம். எழுதிப் பார்த்தால் பை × கூம்பின் அடி ஆரம் × சாயுயரம் தானாக வந்து நிற்கும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வளைபரப்புச் சூத்திரம் இது.

மடிப்பதிலேயே இருக்கும் வடிவியலுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்து காட்டிய அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாடாவையோ தாளையோ இரண்டாக, நாலாக மடிப்பது சுலபம். சரியாக மூன்றாக மடிப்பது? 12 செ.மீ. சதுரம் ஒன்று எடுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியைச் சின்னதாகக் கிள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வலது மூலையைத் தூக்கி அந்தப் புள்ளியில் வைத்து மடியுங்கள். கீழ் விளிம்பு இப்போது சாய்வாக மேலே ஏறி, இடது விளிம்பை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் மேலிருந்து சரியாக 8 செ.மீ., அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஜப்பானில் ஹாகா தேற்றம் என்கிறார்கள். கஸுவோ ஹாகா கணக்கு வாத்தியார்கூட இல்லை, உயிரியலாளர்.

ஏன் அப்படி வருகிறது? வலது மேல் மூலையில் ஒரு செங்கோண முக்கோணம் உண்டாகியிருக்கும். அதன் ஒரு பக்கம் 6 செ.மீ. மற்றப் பக்கத்தை அ என்றால், கர்ணம் 12-இல் அ போக மீதி, ஏனென்றால் அது மடிந்து வந்த அதே வலது விளிம்புதான். பித்தாகரஸைப் போட்டால் அ = 4.5, கர்ணம் 7.5. மூன்றையும் 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3, 4, 5. இடது மேல் மூலையில் உள்ள முக்கோணம் இதற்கு வடிவொத்தது, நடுப்புள்ளியில் காகிதத்தின் மூலை 90 பாகையாக உட்கார்ந்திருப்பதால். அதில் 3-க்கு நேரான பக்கம் 6 என்றால் 4-க்கு நேரான பக்கம் 8. முடிந்தது. பித்தாகரஸும் வடிவொத்த முக்கோணங்களும் ஒரே மடிப்பில்.

இதெல்லாம் ஜப்பான் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். காகித மடிப்பு வழியாக வடிவியல் சொல்லும் புத்தகம் ஒன்று 1893-இல் சென்னையில், அடிசன் அச்சகத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் டி. சுந்தர ராவ், மாகாண வருவாய்த் துறை அதிகாரி. மழலையர் பள்ளி என்ற யோசனையைத் தந்த ஃபிரோபலின் முறையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காகித மடிப்புப் பயிற்சியைப் பார்த்து யோசனை வந்தது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஜெர்மானியக் கணிதமேதை ஃபீலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட, 1901-இல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தது. இன்றைக்கும் உலகில் காகித மடிப்புக் கணிதம் பேசுகிறவர்கள் அவரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. நம் ஊர்க் கணக்கு வாத்தியார்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதற்குப்பின் இந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. ஒரு கோணத்தை மூன்று சம பாகமாகப் பிரிப்பது ஸ்கேலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு முடியாது என்று 1837-இல் நிரூபித்தார்கள். காகிதத்தை மடித்தால் முடியும். மடிப்பு முப்படிச் சமன்பாட்டையே தீர்க்கும் என்று 1936-இல் இத்தாலியக் கணிதவியலாளர் மார்கரீட்டா பெலோக் காட்டினார். மகளுக்கு இது இப்போது வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அவளுக்குச் சுலபமான ஒரு விதி இருக்கிறது. எந்தத் தாளையாவது பாதியாக மடித்து, குறுக்கே மறுபடி பாதியாக மடித்து, பிரியுங்கள். நடுப்புள்ளியில் நாலு மடிப்புக் கோடுகள் சேரும். எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று ஒரு வகை, ஒன்று மறுவகை. வித்தியாசம் 2. தட்டையாக மடங்கும் எந்த உருவத்தைப் பிரித்து, தாளின் உட்புறம் மடிப்புக் கோடுகள் சேரும் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் 2-தான். கத்திக் கப்பலைப் பிரித்துப் பார்க்கட்டும், பறவையைப் பிரித்துப் பார்க்கட்டும். பொய்யாக்க முடிந்தால் பத்து ரூபாய் என்று பந்தயம் கட்டுங்கள், பணம் போகாது. இதற்கு மாயேகாவா தேற்றம் என்று பெயர்.

"இதெல்லாம் விளையாட்டுதானே" என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் சொல்ல இரண்டு கதை வைத்துக்கொள்ளுங்கள். மியுரா என்ற ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் இணைகரக் கட்டங்களாக ஒரு தாளை மடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். எதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே இழுப்பில் விரியும். அந்த மடிப்பில் சுருங்கிய பலகை ஒன்று 1995-இல் ஜப்பானிய விண்கலத்தில் ஏறிப்போய் மேலே விரிந்தது. இன்னொன்று, சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து 'ஙொய்ய்' என்று சுற்றுவோமே, அது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் அதே பொம்மையைக் காகித வட்டில் செய்து, கையால் இழுத்தே நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள்வரை கொண்டுபோனார்கள். அதில் ஒட்டிய நுண்குழாயில் இருக்கும் இரத்தத்திலிருந்து, அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஒன்றரை நிமிடத்தில் தனியாகப் பிரிந்துவிடும். மின்சாரம் இல்லாத மருத்துவ முகாமுக்காக 2017-இல் வெளியிட்டது. நீங்கள் வீட்டில் அட்டை வட்டும் தையல் நூலும் வைத்துச் செய்தால் அந்த வேகம் வராது, ஆனால் முறுக்கு எப்படி வேகமாகிறது, வேகம் எப்படி எதிர்முறுக்காகிறது என்பது விரலிலேயே தெரியும்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏ4 தாள், பழைய செய்தித்தாள், சார்ட் அட்டை, ஸ்கேல், கத்தரிக்கோல், பசை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள், சார்ட் அட்டையை மடிக்குமுன் ஸ்கேல் வைத்து அதனால் ஒரு கோடு அழுத்திவிட்டால் மடிப்பு நூல் பிடித்த மாதிரி விழும். ஃபெவிகால் பூசினால் பொறுமை வேண்டும், ஈரம் காயாமலே எடை ஏற்றிவிட்டு "தாங்கலை" என்பார்கள்.

காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஏ4 தாளில் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டு பட்டைகளை ஒரே அளவில் வெட்டி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீட்டினால் ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தொங்கும். இது தெரியாமல் பாலம் கட்டினால் ஒரே வடிவம் ஒரு நாள் ஜெயிக்கும், மறுநாள் தோற்கும், காரணம் புரியாது.

மகனுக்கு வயது பத்துதான் என்பதால் அவனை இந்தக் கணக்குக்குள் இழுக்காதீர்கள். அவனுக்கு ஆறு சதுரத்தை ஒட்டவைத்து எத்தனை விதமாகக் கனச்சதுரம் மடிக்க முடியும் என்று தேடும் வேலை கொடுங்கள். மொத்தம் 11 வழி இருக்கிறது. எண்ணை முதலில் சொல்லாதீர்கள். ஏழெட்டு கண்டுபிடித்துவிட்டு "இவ்வளவுதான்" என்று வந்து நிற்பான். "நிச்சயமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுங்கள். செய்தித்தாளைக் குச்சியாகச் சுருட்டி, முனையில் நூல் கட்டி, ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்யவும் சொல்லலாம். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது. சதுரத்தை ஆடாமல் நிறுத்த அவனே ஒரு குறுக்குக் குச்சி வைப்பான். என் முதல் வகுப்பில் "டிசைனுக்கு" என்று பதில் வந்த அதே குறுக்குச் சட்டம். அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்தில் முக்கோணங்களை எண்ணிக்கொண்டே வருவான்.

காகிதத்தால் எல்லாக் கணக்கையும் சொல்லித் தந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. குறை எண்களை மடித்துக் காட்டப் போனால் குழப்பம்தான் மிஞ்சும், வட்டிக் கணக்குக்கு வேறு வழி பாருங்கள். நல்ல விஷயத்தை இழுத்து இழுத்து எல்லாவற்றுக்கும் போர்த்தினால் பிள்ளைக்கு இரண்டும் வெறுத்துவிடும். வாரத்துக்கு ஒரு வேலை, ஒரு மணி நேரம், ஒரு நோட்டு. நோட்டில் மூன்றே பத்தி: என்ன நினைத்தேன், என்ன வந்தது, எப்படி உடைந்தது. நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கத்தரிக்கோலை வாங்கிவிடாதீர்கள். கோணலாக வெட்டினால் பெட்டி மூடாது, அதைப் பெட்டியே சொல்லிவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, பாலப் போட்டியை மழை நாளில் வைக்காதீர்கள். காகிதம் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும், போன வாரம் இருபது நாணயம் தாங்கியது இந்த வாரம் பத்திலேயே படுத்துவிடும். அல்லது ஒன்று செய்யுங்கள், ஒரே மாதிரி இரண்டு பாலம் செய்து, ஒன்றை அரிசி டப்பாவுக்குள்ளும் மற்றதைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலும் ராத்திரி வைத்துவிட்டு, காலையில் இரண்டிலும் எடை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.